முன்னிலை இல்லாத வாக்கியங்கள்

"இலை போட்டாயிற்று."

"குளிக்க வெந்நீர் இருக்கிறது."

"மழை வரும்போல இருக்கிறது. குடை கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது."

என் அப்பாயி சித்தப்பாவிடம் பேசியதெல்லாம் இப்படித்தான். நீ கிடையாது, நீங்கள் கிடையாது. வா என்றும் சொல்லமாட்டார், வாருங்கள் என்றும் சொல்லமாட்டார். மூத்த மகனான என் அப்பாவை 'ஏன்டா' என்பார், என்னை 'எலே' என்பார், எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவைக்கூட உறவு வைத்துத்தான் அழைப்பார். இளைய மகனிடம் மட்டும் பதினெட்டு ஆண்டுகள் முன்னிலையே இல்லாத வாக்கியங்கள். கோபமா என்றால் இல்லை. மீனில் நடுத்துண்டு எப்போதும் அவருக்குத்தான் போகும்.

சித்தப்பா கத்தோலிக்கக் குருவாக இருந்தவர். 1966இல் திருச்சி மேலப்புதூர் மரியன்னை பேராலயத்தில் பட்டம் பெற்றவர். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. மகன் குருவானால் அன்றிலிருந்து பெற்றவளுக்கும் அவன் 'சாமி'தான். அப்பாயியும் புதுப்பூசை முடித்து வீட்டுக்கு வந்த மகனை வாசலில் நின்று, "வாருங்கள் சாமி" என்று அழைத்திருக்கிறார். எட்டு ஆண்டுகள் அப்படியே அழைத்தார். 1974இல் சித்தப்பா குருத்துவப் பணியிலிருந்து விலக விண்ணப்பித்தார். மறு ஆண்டு ரோமையிலிருந்து அனுமதி வந்தது. அந்தக் காலத்து அனுமதிகளில் பொதுவாக ஒரு நிபந்தனை இருக்கும்: தான் குருவாக இருந்தது தெரிந்த ஊரில் அவர் வாழாமல் இருப்பது நல்லது. அப்பா ஏற்கெனவே செம்பவாங்கில் கப்பல் பட்டறை வேலையில் இருந்தார். சித்தப்பா சிங்கப்பூருக்கு வந்து, சிராங்கூன் ரோட்டில் ஒரு மளிகை இறக்குமதிக் கடையில் கணக்கு எழுதினார். 1976இல் அப்பாயியும் தோ பாயோ வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

ஏன் விலகினார் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பெண்ணுக்காக என்றுதான் ஊர் பேசியது. சித்தியை அவர் சந்தித்ததே இங்கே வந்து இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். சித்தி பினாங்கைச் சேர்ந்தவர், அரசாங்க மருத்துவமனையில் தாதி. ஊருக்குத் தேதியைப் பற்றி என்ன கவலை?

மகன் சாமியாக இருந்தவரைக்கும் நீங்கள். சாமி இல்லையென்றால் நீ. இரண்டில் எது என்று அப்பாயிக்குத் தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. சந்தேகத்துக்கு இடமான சொல்லை வாயில் எடுக்காமலேயே விட்டுவிட்டார். வேடிக்கை என்னவென்றால், இந்த விஷயத்தில் திருச்சபைச் சட்டமும் ஏறக்குறைய அதே சங்கடத்தில்தான் நிற்கிறது. அதை விளங்கிக்கொள்ள எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

குருப்பட்டம் பதவி அன்று, ஏழு அருட்சாதனங்களில் ஒன்று. ஞானஸ்நானம், உறுதிபூசுதல், குருத்துவம் ஆகிய மூன்றும் ஆன்மாவில் அழியாத முத்திரை பதிப்பவை என்பது மறைக்கல்வி வகுப்பிலேயே மனப்பாடம் செய்த பாடம். ஒருமுறைதான் பெற முடியும். பெற்றபின் இழக்கவும் முடியாது. முறையாகப் பெற்ற திருப்பட்டம் ஒருபோதும் செல்லாததாகாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 290ஆம் விதி. விலகியவரைப் 'பொதுநிலையினர் ஆக்குதல்' என்று சொல்கிறார்களே, அந்தச் சொல் தன்னால் முடியாததைச் செய்வதாகக் காட்டிக்கொள்கிறது. அவரிடமிருந்து எடுக்கப்படுவது அந்தப் பணியைச் செய்யும் உரிமை. உள்ளே பதிந்ததை எடுக்க ரோமைக்கும் வழியில்லை. அரைத்த சந்தனத்தை யாரால் மறுபடி கட்டையாக்க முடியும்?

பட்டம் கொடுக்கும் சடங்கைப் பார்த்தவர்களுக்கு இது ஓரளவு புரியும். அன்று நடந்ததை அப்பாயி சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். பிற்பாடு இங்கே சில பட்டமளிப்புகளை நேரிலும் பார்த்தேன். பெயர் சொல்லி அழைப்பார்கள். அவர் முன்னே வருவார். பிறகு கல் தரையில் முகங்குப்புற விழுந்து கிடப்பார், மற்றவர்கள் புனிதர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்து மன்றாடுவார்கள். எழுந்து மண்டியிட்டதும் ஆயர் தம் இரண்டு கைகளையும் அவர் தலைமேல் வைப்பார். அந்த நேரத்தில் ஒரு சொல்கூட இல்லை. அடுத்து, வந்திருக்கும் குருக்கள் ஒவ்வொருவராக வந்து கை வைப்பார்கள். ஐம்பது குருக்கள் என்றால் ஐம்பது ஜோடிக் கைகள். கோயிலில் செருப்புச் சத்தமும் இருமலும் மட்டும் கேட்கும். பட்டத்தின் உயிர் இந்தக் கைவைப்பிலும் அதைத் தொடரும் மன்றாட்டிலும்தான் இருக்கிறது, கிண்ணத்தையும் தட்டையும் கையில் கொடுப்பதில் இல்லை என்று போப் பன்னிரண்டாம் பத்திநாதர் 1947இல் தெளிவாக்கினார். அதுவரை அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக அதைப்பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு உள்ளங்கைகளில் எண்ணெய். சித்தப்பா பட்டம் பெற்ற காலத்துச் சடங்கில், எண்ணெய் பூசிய கைகளைச் சேர்த்து வெள்ளைத் துணிப்பட்டையால் கட்டுவார்கள். அந்தத் துணியைத் தாயிடம் கொடுப்பது ஒரு பழைய வழக்கம். அவள் இறக்கும்போது அதைக் கையில் சுற்றிப் புதைப்பார்கள். அப்பாயி தன் துணியைத் தகரப்பெட்டியில், கல்யாணப் புடவையின் மடிப்புக்குள் வைத்திருந்தார். சிங்கப்பூருக்கு வரும்போது அதையும் எடுத்துவந்தார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

சித்தப்பா ஞாயிறுதோறும் ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலுக்கு வருவார். 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்றே எழுந்த கோயில் அது. அதற்கு முன் நம்மவர்கள் குவீன் ஸ்திரீட்டில் இருக்கும் பேதுரு பவுல் கோயிலில் சீனர்களோடு சேர்ந்து பூசை கண்டார்கள். அவர் உட்காரும் இடம் வலப்பக்கம், தூணுக்குப் பின்னால். பக்கத்தில் உட்கார்ந்த பையனான எனக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பூசையில் குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றம் நெருங்கும்போது அவருடைய இடது கை வலது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். விரல் முட்டிகள் வெளுத்துப்போகும். மணி அடித்து ஓய்ந்ததும் விட்டுவிடுவார். பல குருக்கள் சேர்ந்து வைக்கும் கூட்டுத்திருப்பலியில் அந்த இடத்தில் குருக்கள் வலது கையை அப்பத்தை நோக்கி நீட்டுவார்கள் என்பதை நான் கவனித்தது பெரியவனான பிறகு.

அந்த இடத்தில் குரு சொல்லும் வார்த்தையை யோசித்துப் பாருங்கள். "இது என் உடல்." இயேசுவின் உடல் என்று சொல்வதில்லை. யாருடைய 'என்' அது? பீடத்தில் நிற்பவர் ஏதோ ஓர் ஊரில் பிறந்தவர், அவருக்குச் சர்க்கரை நோய் இருக்கலாம், காலையில் சமையல்காரரிடம் எரிந்து விழுந்திருக்கலாம். 'என்' என்று சொல்லும்போது அது அவருடையது இல்லை. பாவசங்கீர்த்தனத்திலும் அப்படித்தான். "நான் உம் பாவங்களை மன்னிக்கிறேன்" என்பார். கிழக்கத்திய மரபுகள் சிலவற்றில் கடவுள் மன்னிப்பாராக என்ற வேண்டுதலாகவே அந்த வாக்கியம் வரும். ஞானஸ்நானத்திலும் அங்கே 'கடவுளின் ஊழியர் இன்னார் திருமுழுக்குப் பெறுகிறார்' என்பார்கள், கொடுப்பவரைச் சொல்லாமல். அப்பாயிக்கு அந்த மரபு பிடித்திருக்கும். இலத்தீன் மரபோ 'நான்' என்பதில் பிடிவாதமாக நிற்கிறது. 'ஏகோ தே அப்சோல்வோ'. தமிழ் 'மன்னிக்கிறேன்' போலவே இலத்தீன் வினைமுற்றுக்குள்ளும் தன்மை அடங்கித்தான் இருக்கிறது. 'ஏகோ' என்று தனியாகச் சொல்லத் தேவையே இல்லை. இருந்தும் சொல்கிறார்கள்.

இந்த ஓர் எழுவாய்க்கு எவ்வளவு எடை என்பது 2020இல் ஊரறிய வெளிப்பட்டது. 'நாங்கள் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறோம்' என்று சொல்லிக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று வத்திக்கான் அறிவித்தது. குடும்பமும் கூடியிருப்பவர்களும் சேர்ந்து செய்வதுபோல இருக்கட்டுமே என்ற நல்ல எண்ணத்தில் சிலர் அப்படி மாற்றியிருந்தார்கள். அமெரிக்காவில் டெட்ராய்ட் மறைமாவட்டத்தில் ஓர் இளம் குரு அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு, தன் குழந்தைப்பருவ ஞானஸ்நான வீடியோவைப் போட்டுப் பார்த்தார். ஞானஸ்நானம் கொடுத்த திருத்தொண்டர் 'நாங்கள்' என்று சொல்வது அதில் தெளிவாகக் கேட்டது. ஞானஸ்நானம் இல்லையென்றால் குருப்பட்டமும் இல்லை. மூன்று ஆண்டுகள் பூசை வைத்தவர் ஒரே நாளில் கிறிஸ்தவரே இல்லை என்றாகிவிட்டது. சில நாள்களுக்குள் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், மறுபடி குருப்பட்டம் என்று எல்லாவற்றையும் வரிசையாகப் பெற்றார்.

படித்தபோது எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது, ஒரு பன்மைக்கா இவ்வளவு என்று. மூலக் காரணம் பழங்கால வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தினாரிடம் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமப் பேரரசர் தியோக்கிளேசியன் கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய காலத்தில் திருநூல்களை எதிரியிடம் ஒப்படைத்துவிட்ட குருக்களும் ஆயர்களும் உண்டு. அவர்கள் கைபட்ட அருட்சாதனம் செல்லாது என்று வட ஆப்பிரிக்காவில் தொனாத்தியர் என்ற பிரிவினர் தனியாகப் பிரிந்தார்கள். அகுஸ்தினார் அவர்களுக்குச் சொன்ன பதிலின் சாரம் இது: பேதுரு கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்து, யூதாசு கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்து. அப்படியானால் அந்த 'நான்' கிறிஸ்துவினுடையது. 'நாங்கள்' என்று விரித்தால் அது எங்கள் குழுவினுடையதாகிவிடும், எங்கள் நல்லெண்ணத்தையும் யோக்கியதையையும் நம்பி நிற்கவேண்டியதாகிவிடும்.

கோயில் பெஞ்சில் உட்காருபவனுக்கு இது பெரிய ஆறுதல். நாற்பது நிமிடம் கட்டடநிதியைப் பற்றியே பிரசங்கம் வைத்த ஒருவரிடம்தான் என் மகள் ஞானஸ்நானம் பெற்றாள். அவர் பிரசங்கத்தால் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குறையவில்லை. ஆனால் இதே போதனையை வைத்து, சாமி சொன்னால் சரி, சாமி செய்தால் கேட்கக்கூடாது என்று நம் சனங்களைப் பழக்கியதும் நடந்தது. உலகமெங்கும் வெளிவந்த கொடுமைகளைப் படித்தபிறகு அதை நான் எளிதாகக் கடந்துபோகத் தயாரில்லை. 'நான்' என்னுடையது அல்ல என்பதுதான் போதனை. அந்த 'நான்' தன்னுடையதே என்று எண்ணிக்கொண்டவர்கள் அந்தப் போதனையையே மீறியவர்கள். போப் பிரான்சிஸ் குருத்துவ மேட்டிமையை ஓயாமல் சாடிக்கொண்டிருந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

குருவுக்கும் ஒரு வரம்பு இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. அவர் தன் பாவத்தைத் தானே மன்னித்துக்கொள்ள முடியாது. இன்னொரு குருவிடம் போய் முழந்தாளிட்டே ஆகவேண்டும். கையில் இருப்பது முழுவதும் பிறருக்கானது. திருச்சபையின் மறைக்கல்வி நூல் குருத்துவத்தையும் திருமணத்தையும் ஒரே தலைப்பில் சேர்த்து வைத்திருக்கிறது, இரண்டும் அடுத்தவரின் மீட்புக்காக ஏற்பட்டவை என்று. இரண்டையும் பெற்ற சித்தப்பாவிடம் அந்தப் பக்கத்தை ஒருநாள் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் படித்துவிட்டு, "அச்சு நன்றாக இருக்கிறது" என்றார்.

அப்படித்தான் அவர். ஒருமுறைதான் கொஞ்சம் திறந்தார். எனக்குப் பத்து வயதிருக்கும். நல்லாயன் பேராலயத்துக்கு அழைத்துப்போய், அந்தக் கோயிலுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொன்னார். 1821இல் இந்தத் தீவுக்கு வந்த முதல் கத்தோலிக்க மறைப்பணியாளர் லோரான் அம்பேர் என்ற பிரெஞ்சுக் குரு. பிறகு கொரியாவுக்கு ஆயராகப் போனார். 1839இல் அங்கே கிறிஸ்தவர்களை வேட்டையாடுவது தொடங்கியது. ஐரோப்பியக் குருக்கள் பிடிபடாதவரை விசுவாசிகளை வதைப்பதை நிறுத்தமாட்டார்கள் என்று தெரிந்ததும் அவர் பிடிகொடுத்தார். ஒளிந்திருந்த மற்ற இரண்டு குருக்களையும் வந்து சரணடையும்படி எழுதினார். கடைசிக் கட்டத்தில் நல்ல ஆயன் ஆடுகளுக்காக உயிரைக் கொடுக்கிறான் என்பது அந்தக் கடிதத்தில் இருந்த செய்தி. அவர்களும் வந்தார்கள். மூவரையும் வெட்டினார்கள். அந்தச் சேதி சிங்கப்பூருக்கு வந்தபோது இங்கே புதுக் கோயிலுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ரெண்டு பேரும் ஓடிப்போயிருக்கலாமே, சித்தப்பா?" என்று கேட்டேன்.

"ஓடியிருக்கலாம்" என்றார். சற்று நேரம் கழித்து, வாசலில் ரொட்டிக்குள் மடித்துத் தரும் ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

1994 டிசம்பர். அப்பாயிக்கு இதயம் தளர்ந்துபோயிருந்தது. வீட்டுக்கே அழைத்துப்போகும்படி மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். ஓர் இரவு, பத்து மணிக்கு மேல், மூச்சு மாறியது. சித்திதான் முதலில் கண்டுபிடித்தார். அப்பா பங்கு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். உதவிக் குரு வேறொரு நோயாளியிடம் போயிருந்தார், பேஜரில் சொல்லிவிடுகிறோம் என்றார்கள். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அப்பாயி கண்ணைத் திறந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். கால்மாட்டில் நின்ற சித்தப்பாவிடம் பார்வை வந்து நின்றது.

"சாமி" என்றார்.

எங்களுக்குக் கேட்டது. ஒன்றிரண்டு விநாடி சித்தப்பா அசையவில்லை. பிறகு எங்களை வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்தினார். வரவேற்பறையில் அப்பா நின்றுகொண்டே இருந்தார், அம்மா ஜெபமாலையைத் தேடினார். உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. கடைசியில் மட்டும் ஒரு குரல் கதவைத் தாண்டி வந்தது. கடையில் கணக்கு எழுதும் சித்தப்பாவின் தணிந்த குரல் இல்லை அது. கோயிலின் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டிய குரல். 'ஏகோ தே அப்சோல்வோ' என்றது. குருமடத்தில் முதலில் படித்த மொழியில்தான் வந்தது.

சாகும் தறுவாயில் இருப்பவருக்கு எந்தக் குருவும் பாவமன்னிப்பு அளிக்கலாம், பணியிலிருந்து விலகியவரானாலும். அதிகாரம் உள்ள வேறு குரு அருகிலேயே இருந்தாலும்கூட அது செல்லும் என்கிறது 976ஆம் விதி. அந்த ஒரு வாசலை மட்டும் திருச்சபை ஒருபோதும் அடைத்ததில்லை. அன்றிரவு எங்களில் யாருக்கும் அந்த விதி தெரியாது, சித்தப்பாவைத் தவிர. பதினெட்டு ஆண்டுகள் அவர் அதைத் தெரிந்துகொண்டே தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

கால்மணி நேரம் கழித்து உதவிக் குரு வந்தார். சீனர், முப்பது வயதுகூட இருக்காது. அப்போதெல்லாம் எங்கள் புளோக்கின் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்காது. ஐந்தாவது மாடியில் இறங்கி இரண்டு மாடி ஏறவேண்டும். நனைந்த சட்டையோடு, மூச்சு வாங்க, எண்ணெய்ச் சிமிழை எடுத்தபடியே ஆங்கிலத்தில் கேட்டார், பாவசங்கீர்த்தனம் செய்யும் நிலையில் இருக்கிறாரா என்று.

"ஆகிவிட்டது, ஃபாதர்" என்றார் சித்தப்பா.

"யார் கேட்டது?"

"நான்."

அவர் சித்தப்பாவை ஏறிட்டுப் பார்த்தார். நரைத்த தலை, பனியன், லுங்கி. எதுவும் கேட்கவில்லை. தோள்துகிலைப் போட்டுக்கொண்டு, அப்பாயியின் நெற்றியிலும் கைகளிலும் அவஸ்தை பூசினார். எண்ணெய் அவருடைய வேலை, சித்தப்பாவிடம் எண்ணெய் இல்லை. நற்கருணையின் சிறு துண்டைக் கரண்டித் தண்ணீரோடு கொடுத்தார். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது அவருக்கு. அப்பாயிக்கு ஆங்கிலம் தெரியாது. ஒவ்வொரு சிலுவை அடையாளத்துக்கும் அப்பாயியின் உதடு சரியாக அசைந்தது. சித்தப்பா எங்களோடு தரையில் முழந்தாளிட்டிருந்தார். இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்திருக்கவில்லை.

விடியுமுன் அப்பாயி போய்விட்டார்.

புடவை எடுக்கத் தகரப்பெட்டியைத் திறந்தபோதுதான் அந்தத் துணி கிடைத்தது. ஒரு முழ நீளம், பழுப்பேறிப்போன நிறம். இரண்டு இடங்களில் மட்டும் எண்ணெய் இன்னும் கருமையாகப் படிந்திருந்தது. அம்மாவுக்கு அது என்னவென்று தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தது. கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். விலகி வந்த குருவின் துணியைத் தாயின் கையில் கட்டலாமா கூடாதா? பங்கில் கேட்கலாமா? ஊருக்குத் தந்தி அடித்தா கேட்க முடியும்? சித்தப்பா துணியை ஒருமுறை பார்த்தார். நடைபாதைக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே வாகன நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி நின்றார்.

சித்தி அப்பாவின் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டார். தாதி வேலையில் எத்தனையோ பேரைக் குளிப்பாட்டிக் கிடத்தியவர். அப்பாயியின் கைகளைச் சேர்த்து, விரல்களுக்கிடையே ஜெபமாலையை ஓட்டி, அதன்மேல் துணியைச் சுற்றினார். முடிச்சு கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. அதை உள்ளங்கைக்கு அடியில் திருப்பி மறைத்தார். தள்ளி நின்று பார்த்துவிட்டு, வாசல் பக்கம் போய் கூப்பிட்டார்.

"வாருங்கள்."